இளையவன் கொள்ளி

"அவன் வாசப்படிய மிதிச்சான்னா பொணத்த எடுக்க வுட மாட்டேன்" என்றான் சக்கரபாணி. ஆளுங்கட்சிக் கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாய் தனகோடியின் உடலுக்குக் குறுக்கே நின்றான்.

வாசலில் தம்பி நடராசன், எதிர்க்கட்சிக் கரை வேட்டியில். அடுத்த மாதம் சட்டசபைத் தேர்தல். இருவருக்கும் பின்னால் அவரவர் கட்சிக்காரர்கள் திரண்டிருக்க, பாதி மரக்காணம் வேடிக்கை பார்த்தது.

சக்கரபாணியின் மனைவி ஜெயா தலையில் அடித்துக்கொண்டாள். சர்க்கார் நிலத்தை லீசுக்கு எடுத்து, ஒன்றாக உப்பளம் நடத்திய அண்ணன் தம்பி. போன வருஷம் கட்சிப் பேச்சு முற்றி, கூலியாட்கள் முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே நடராசன் பக்கத்து ஊரான கூனிமேட்டுக்குக் குடிபோனான். உப்பளத்தில் தன் பங்கைக்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு ரோஷமாம், எல்லாம் தெரிந்த ஊர் சொன்னது.

அந்த ஏக்கத்தில் படுத்த தனகோடி எழுந்திருக்கவே இல்லை. "ரெண்டு பேரும் சேந்து வந்து ஒரு வாய் கஞ்சி ஊத்துங்கடா" என்று கேட்டுக் கேட்டே உயிரை விட்டாள். ஜெயா புருஷன் காலில் விழுந்துகூடப் பார்த்தாள், அவன் மசியவில்லை.

இன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. "தாய்க்கு இளையவன்தாங்க கொள்ளி வெக்கணும். உசுரோட கேட்டது கெடைக்கல, இதாவது கெடைக்கட்டும்" என்றாள் எல்லோர் காதிலும் விழும்படி.

பெரியவர்கள் ஆமாம் போட்டார்கள். சக்கரபாணி விருட்டென்று கொல்லைப்பக்கம் போனான். நடராசனைக் குளித்துவிட்டு வரச் சொல்லி அதே பக்கம் அனுப்பினார்கள்.

புது வேட்டியோடு பின்னால் போன ஜெயா, உப்புக் கிடங்குக்கு அந்தப் பக்கம் இருவர் குரலும் கேட்டுப் பதறினாள். வெட்டுக்குத்து ஆகிவிடப்போகிறதே என்று ஓடியவள், சுவர் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

தம்பியின் தலையைத் தோளில் சாய்த்துத் தடவிக்கொண்டிருந்தான் சக்கரபாணி. "அழுவாதடா. எலெக்‌ஷன் முடியற வரைக்கும் பல்லக் கடிச்சிக்க. எந்தக் கட்சி வந்தாலும் லீஸ் நம்ம கைய வுட்டுப் போவக் கூடாதுன்னுதான இவ்ளோ நாடகமும்?"

நடராசன் விம்மினான்.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ண்ணா."