முப்பது சதவீத மழை

“‘நனைஞ்சா மறுபடி கூழாயிடுவோம், நனைஞ்சா மறுபடி கூழாயிடுவோம்’னு காலையிலிருந்து ஒரே புலம்பல்!” மொட்டைமாடி வேட்டியில் நடுநாயகமாகக் காய்ந்துகொண்டிருந்த வடாம், ஓரத்து வடாமிடம் சீறியது. “மழைக்கு முப்பது சதவீதம்தான் வாய்ப்புன்னு ரேடியோவே சொல்லிடுச்சு. நாம நூறு பேர். நனையப்போறது முப்பது பேர். அது உன்னை மாதிரி ஓரத்து ஜனங்களாத்தான் இருக்கும்.”

“ஏண்டி, மேகம் தலையை எண்ணியா பெய்யும்? வந்தா எல்லாருக்கும், வராட்டா யாருக்குமில்லை. சேர்ந்து கத்தினோம்னா வீட்டம்மா வந்து வேட்டியோட எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

“கத்தறதா? எனக்கென்ன தலையெழுத்து!” என்று நடு வடாம் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டது.

பிற்பகலில் மழை வந்தது. நடுவென்றும் ஓரமென்றும் பார்க்காமல் வேட்டி முழுக்கக் கொட்டியது. நடு வடாமுக்கு அப்போதுதான் குரலே வந்தது.

“அம்மா, என்னை மட்டுமாவது உள்ளே எடுத்துட்டுப் போங்களேன்!”