அளவுக்கு ஒரு கவுன்

நாலு மணி நேரத்தில் போய்விடலாம். திரும்பி வர இரண்டு வருடமாகும். அது எந்த ஊர், சொல்லுங்கள்?

ஆறு வயது சஃப்ரீனின் வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்கும் விடை தெரியவில்லை. "போக நாலு மணி நேரமென்றால் வரவும் அவ்வளவுதானே, பெட்டியண்ணே?" என்றது.

"தொங்கின இடத்திலேயே முள்ளைச் சுற்றுகிற உனக்கு என்னடா தெரியும்?" என்றது அத்தாவின், அதாவது அவள் அப்பாவின், பயணப்பெட்டி. "திருச்சி விமான நிலையத்தில் ஏறினால் நாலு மணி நேரத்தில் துபாய் விமான நிலையம். ஆனால் அத்தாவுக்கு லீவு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான்."

சஃப்ரீன் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புறப்படும் நேரம் அத்தா வந்தார். "வரும்போது உனக்குக் கவுன் வாங்கி வர்றேன். அளவுக்கு ஒண்ணு பெட்டியில் வைம்மா."

சஃப்ரீன் எட்டு வயது அக்காவின் கவுனை எடுத்து வைத்தாள்.