கை வைத்தியம்

"சுருக்கம் போகணும்னா லேசர் வச்சுக்கலாம் சார். மிஷினே எல்லாத்தையும் பார்த்துக்கும். ரெண்டு தடவை வந்தாப் போதும்" என்றார் தோல் டாக்டர்.

ரிட்டயரான சர்வேயர் தலையாட்டினார். "இன்னொண்ணு ஏதோ சொன்னீங்களே?"

"கெமிக்கல் பீலிங், மேல்தோலை உரிக்கறது. அதுக்கு மாசக்கணக்கா வந்து போகணும். முகத்துல மருந்து தடவி, துடைச்சு, க்ரீம் போட்டு நல்லாத் தேய்ச்சு விடணும்."

"அதை யாரு செய்வாங்க?"

"எங்க நர்ஸம்மாதான். எல்லாம் கைவேலை."

"அப்ப அதுவே இருக்கட்டும்."

"லேசர்லதான் பலன் ஜாஸ்தி சார்."

"பரவாயில்ல டாக்டர்."

முதல் நாளே நர்ஸ் அவரை வம்புக்கு இழுத்தாள். "இந்த வயசுல இவ்வளவு அக்கறையா? கமுக்கமாப் பொண்ணு கிண்ணு பார்த்து வச்சிருக்கீங்களா சார்?"

சர்வேயர் சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். மருந்தைத் துடைத்துவிட்டு அவள் க்ரீமைத் தேய்க்கத் தொடங்கினாள். விரல்கள் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கியபோது, அவர் கண்ணோரம் நீர் வழிந்தது.

"ஐயோ, எரியுதா சார்?" பதறிப்போய்க் கையை எடுத்தாள்.

"எரியலம்மா. கையை எடுக்காதே."

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வெளிநாட்டுல இருக்கற பையன் தினமும் போன்ல இந்த முகத்தைப் பார்க்கறான். குறையே சொல்ல முடியாது. ஆனா என் சம்சாரம் போனதுக்கப்புறம் இதை யாரும் தொட்டதில்லம்மா."

க்ரீம் எப்போதோ தோலில் ஊறிவிட்டிருந்தது. நர்ஸ் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.