தானியம் தொடாத எலி

நெல் கிடங்கில் குடியிருந்த எலிக்குத் தீராத வயிற்று உப்புசம். தானியத்தை விட்டால் சரியாகும் என்று யாரோ சொல்ல, சுற்றிலும் மூட்டை மூட்டையாக நெல் கிடக்க, அது கிழங்கும் கடலையும் தேடி ஊரெல்லாம் அலைந்தது. உப்புசம் போனது. அதன் பிறகு எலிக்கு வேறு பேச்சே இல்லை.

ஒருநாள் கிடங்கின் காவல் பூனை அதை அமுக்கிப் பிடித்தது.

"நெல் திங்கிற எலிதானே நீ?"

"சேச்சே! நான் தானியத்தையே தொடறதில்லீங்க."

"அப்பாடா! தானியம் தின்ன எலி எனக்கு ஒத்துக்கிறதே இல்லை. வயிறு ஊதிடுது. உன்னை மாதிரி ஒண்ணைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

வளைக்குள்ளிருந்து எலியின் பெண்டாட்டி கத்தியது. "நம்பாதீங்கண்ணே! நேத்துகூட இவரு திருட்டுத்தனமா நொய்யரிசி தின்னாரு!"

பூனையின் பிடி தளர்ந்தது. "அப்படியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிவிடலாம் என்று எலிக்குத் தெரியும். ஆனால் அதற்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரைப் பார்த்துடி சொல்றே? பொங்கலன்னிக்குக்கூட ஒரு பருக்கை தொடாதவன்டி நான்!"