கட்டுக்கு ரெண்டு

“ஐரின், இங்க வந்து பாரேன். கட்டுக்கு ரெண்டு புக்கு குறையுது!”

ஆண்டனிராஜ் கட்டிலில் ரசீதுகளைப் பரப்பிப் போட்டுக்கொண்டு கத்தினார். பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று ஆறு புத்தகக் கடைகள். கடைக்கு இருபது பிரதி அனுப்பியிருந்தார். ஆறு ரசீதிலும் பதினெட்டு என்றே எழுதியிருந்தது.

“நீங்க எண்ணுனதுல தப்பியிருக்கும்,” என்றாள் அவர் மனைவி ஐரின்.

“ஆறு கட்டுலயுமா? முத்துச்சாமி கை வச்சுட்டான்.”

திண்டுக்கல் மாவட்டம் முழுக்க வீடு வீடாகப் போய் மின்சார ரீடிங் எடுத்தே ரிட்டயர் ஆனவர். எண்ணிக்கையில் அவரிடம் யாரும் விளையாட முடியாது.

ரிட்டயர் ஆன கையோடு ஒரு நாவல் எழுதினார். எந்தப் பதிப்பகமும் சீந்தவில்லை. போங்கடா என்று கைக்காசைப் போட்டு ஐநூறு பிரதி அடித்துவிட்டார். அச்சுச் செலவு பிரதிக்குத் தொண்ணூறு. விலை இருநூறு. அதில் கடைக்காரருக்குக் கழிவு எண்பது. மிச்சம் முப்பது ரூபாய். அதிலும் பாதிக்கு மேல் கூரியருக்கே போய்விடும் என்று தெரிந்தபோதுதான் முத்துச்சாமி ஞாபகம் வந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். ஒட்டன்சத்திரத்தில் ரீடிங் எடுத்த காலத்துப் பழக்கம்.

“குடுங்க சார், போற வழில எறக்கிட்டுப் போறனுங்க. இதுக்குப் போயி வாடகை கேப்பனுங்களா?” என்று சொன்னவன்தான்.

அதற்கப்புறம் ரெண்டு மாதமாக ஆண்டனிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னட்டையில் போட்டிருந்த நம்பருக்குப் போன் மேல் போன். “கடைசில அந்தப் புள்ள பஸ் ஏறுற எடத்துல அழுதுட்டனுங்க சார்,” என்று பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா சொன்னதை ஐரினிடம் நாலு தடவை சொல்லிவிட்டார். புத்தகம் எங்கே கிடைத்தது என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லை. புகழ்ச்சி கேட்கிற நேரத்தில் அதெல்லாம் எங்கே தோன்றும்?

“கடையில பிச்சுக்கிட்டுப் போகுது. அதான் இவனுக்கு ஆசை வந்திருச்சு. வித்துத் தின்னுருக்கான்!”

மறுநாளே ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். மார்க்கெட்டில் முத்துச்சாமியின் லாரிக்கு முருங்கைக்காய் லோடு ஏறிக்கொண்டிருந்தது.

“கட்டுல இருந்து புக்கு எடுத்தியா?”

“ஆமாங்க சார். கட்டுக்கு ரெண்டு எடுத்தனுங்க.” துளிக்கூடக் கூச்சப்படாமல் சொன்னான். “இங்க லோடு ஏத்துனா மூட்டைக்கு ரெண்டு காய் டிரைவரு எடுத்துக்கறது வழக்கமுங்க. யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க. அது மாதிரி நெனச்சு…”

“காயும் புக்கும் ஒண்ணாய்யா? உனக்கு எழுத்துக் கூட்டவே தகராறு. நீ எதுக்கு எடுத்த? வித்தியா?”

“ஐயோ, விக்கலீங்க சார். வந்துங்க…”

“பேசாத! திருடிப்புட்டு வழக்கமாம், வழக்கம்!”

லோடு ஏற்றுகிறவர்கள் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முத்துச்சாமியின் முகம் செத்துப்போனது. வழிச்செலவுக்கு வைத்திருந்த காசை எடுத்து எண்ணினான். பன்னிரண்டு புத்தகம், இரண்டாயிரத்து நானூறு. ஆண்டனிராஜ் கழிவு கிழிவு எதுவும் கழிக்காமல் முழு விலையையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஏதோ சொல்ல வந்தான்னு சொல்றீங்களே, செத்த நேரம் காது குடுத்திருக்கலாம்ல?” என்று வீட்டில் கேட்டாள் ஐரின்.

“திருடன்கிட்ட என்னத்தக் கேக்கச் சொல்ற?”

நாளாக நாளாகப் போன் வருவது குறைந்து, நின்றே போனது. நாலு மாதம் கழித்து, ‘இடமில்லை, மன்னிக்கவும்’ என்று கடைகளிலிருந்து கட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தக் கூரியர் செலவும் அவர் தலையில்தான் விழுந்தது.

உட்கார்ந்து எண்ணினார். பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. மொத்தம் நூற்றியெட்டு. ஒன்றுகூட விற்கவில்லை.

“அப்ப உங்களுக்குப் போன் பண்ணுனவங்கல்லாம் எந்தப் புக்கைப் படிச்சாங்க?” என்று ஐரின் கேட்டாள்.

ஆண்டனிராஜ் போனை எடுத்தார். பொள்ளாச்சி அம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போட்டார்.

“அம்மா, நாவல் எழுதுன ஆண்டனிராஜ் பேசறேன். அந்தப் புக்கு உங்களுக்கு எங்க கெடச்சது?”

“சாருங்களா! நானு ரோட்டோரமா டீக்கடை வெச்சிருக்கறனுங்க. முத்துச்சாமியண்ணன்தான் ‘எங்க ஊரு சார் எழுதுனது’ன்னு லாரிய நிறுத்திக் குடுத்துட்டுப் போனாருங்க. வழி நெடுக பன்னெண்டு கடைக்குக் குடுத்தாராமா. இங்க வர்றவங்க எல்லாரும் கை மாத்திக் கை மாத்திப் படிச்சு, அட்டையே கிழிஞ்சு போச்சுங்க.”

எப்படியெல்லாம் பேசிவிட்டோம், அத்தனை பேர் முன்னால்! அந்தக் காசை வேறு கைநீட்டி வாங்கினோமே!

“அவரு… என்னையப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“சொல்லாம இருப்பாருங்களா? போன வாரங்கூட வந்தாரு. ‘அத்தனை புக்கையும் சும்மா குடுத்தீங்களே, உங்களுக்கு நட்டமில்லீங்களா’ன்னு கேட்டனுங்க. ‘எனக்கென்ன நட்டம்? காசே வேண்டாம், படிக்கறவங்களுக்குக் குடுன்னு சார்தான் குடுத்துவிட்டாரு’ன்னு சொன்னாருங்க. உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க சார்!”