வெள்ளிக்கிழமைச் சவாரி

பிணவறையில் துணியை விலக்கியதும் முதலில் மச்சத்தைத்தான் தேடினேன்.

வலது கன்னத்தில் இருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் வெள்ளிக்கிழமை அக்காவுக்கு மச்சம் இடது கன்னத்தில். நான்கு வருடமாக வாரம் தவறாமல் பார்க்கிற முகம், எனக்குத் தெரியாதா?

நன்றாகப் பார்க்கச் சொன்னார் எதிரே நின்ற கான்ஸ்டபிள். அவருடைய வலது மார்பில் பெயர்ப்பட்டை ஒரு பக்கம் ஊக்கு கழன்று தொங்கியது. சொல்லலாமா என்று நினைத்து, விட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபடியே போயிருந்தாராம். பையில் ஒரு வீட்டுச் சாவி, ஒரு துண்டுச்சீட்டு. சீட்டில் என் போன் நம்பர், பக்கத்தில் 'தம்பி' என்று ஒரே சொல். உடன்பிறந்தவன் என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. ஆனால் டாக்சி ஓட்டுகிறவன் ஊருக்கே தம்பி. தலை நரைத்தாலும் தம்பிதான். நம்பரை முன்சீட்டின் முதுகில் பெரிதாக ஒட்டி வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

அக்கா எழுதியிருந்தால் என் பெயரை எழுதியிருப்பார். முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

முகத்தில் சாயல் இருந்தது உண்மைதான். அதை நான் பார்க்க விரும்பவில்லை. போன வெள்ளிக்கிழமை, அக்கா எப்போதும் ஏறுகிற பேக்கரி மூலையில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, அவர் வராமல் திரும்பியவன் நான்.

இல்லை, இவர் வேறு யாரோ என்றேன். கான்ஸ்டபிள் குறித்துக்கொண்டார். நாளைக் காலைக்குள் யாரும் வராவிட்டால் நம்பர் போட்டுப் புதைத்துவிடுவார்களாம்.

ஸ்டேஷனில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டு அவர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

நிம்மதியில் எனக்கு வாய் நிற்கவில்லை. அக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். போகுமிடம் என்று ஒன்று கிடையாது அவருக்கு. ஒரு மணி நேரம் சும்மா சுற்றி வா என்பார். வழியெல்லாம் பேசுவார். அவர் வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படி, மூன்றாவது படி ஆடும் என்பதுவரை எனக்குத் தெரியும். அது எந்தத் தெருவில் என்று மட்டும் தெரியாது.

முதல் நாள் பதில் சொல்ல நான் பின்னால் திரும்பப் போனதற்கே ஒரு அதட்டல் போட்டார்.

"பேசுறப்ப திரும்பாத தம்பி. ரோட்டைப் பாரு, எனக்கு பயமா இருக்கு."

அதோடு சரி. பிறகு ஒருநாள்கூட நான் திரும்பியதில்லை.

இதைச் சொல்லிச் சிரித்தபடி கான்ஸ்டபிளும் சிரிக்கிறாரா என்று கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய பெயர்ப்பட்டை இடது மார்பில் தொங்கியது.

மாற்றிக் குத்திக்கொண்டார் போல என்று நினைத்தேன். பெயரைப் படிக்கப் பார்த்தேன். எழுத்தெல்லாம் இடம்வலமாகத் திரும்பியிருந்தது.

கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

மூலையில் நிற்கும்போது அக்காவின் முகத்தைக் குடை மறைத்திருக்கும். இறங்கி நடந்தால் முதுகுதான் தெரியும். இந்தக் கண்ணாடியைத் தவிர வேறு எங்கே நான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்?

திரும்பிப் பார்த்தேன். பெயர்ப்பட்டை வலது மார்பில்தான் இருந்தது.

"சார், அது எங்க அக்காதான்" என்றேன்.

வண்டியைத் திருப்பினேன். பிணவறைக்குத் திரும்பியதும் கான்ஸ்டபிள் மேஜையில் படிவத்தை விரித்தார்.

"அக்கா பேரு?"

என் மகளின் பரீட்சை, என் மனைவியின் முதுகுவலி, நான் காலையில் சாப்பிட்டேனா என்பது வரை ஒவ்வொரு வாரமும் கேட்டவர் அக்கா. நான் இந்த ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. தெரியாது என்றேன்.

கான்ஸ்டபிள் அந்த இடத்தைக் காலியாக விட்டார். அடுத்தது உறவு. அதற்கு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. துண்டுச்சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்தே 'தம்பி' என்று எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

என் பெயர் அக்காவுக்குத் தெரியும்.