மாப்பிள்ளை போட்ட பீட்டா

சிங்கப்பூர் பார்ட்டி அரக்கு கலர் பட்டுச்சேலையை எடுத்து வைக்கச் சொல்லப்போகிற நேரத்தில் அய்யாதுரையின் போன் உயிரை விட்டது.

தன் ஜவுளிக்கடையிலிருந்தே வீடியோ காலில் சேலை காட்டிக்கொண்டிருந்தார். கல்யாண ஜவுளி மொத்தமும் இவரிடம்தான் என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருந்தது. திடீரென்று திரை கறுத்துவிட்டது. ஒரு வழியாக உயிர் வந்து திரும்பக் கூப்பிட்டால், "வேற கடையில முடிச்சுட்டோமே" என்றாள் கல்யாணப் பெண்ணின் அம்மா. தி.நகரில் ஜவுளிக்கடைக்கா பஞ்சம்?

அய்யாதுரை கொதித்துப்போய் மருமகனை வரச் சொன்னார்.

சாய்சரண் அடையாறில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். போன வாரம், "புத்தம் புதுசு மாமா, ஊர்ல யாருக்கும் வரலை" என்று மாமனார் போனில் எதையோ ஏற்றிக் கொடுத்தது அவன்தான். இவரும் அதைத் தெரு பூராவும் காட்டிப் பீற்றிக்கொண்டார், அது வேறு விஷயம்.

"இதுல என்ன மாப்ள ஏத்தி வச்சிருக்கீய?"

சாய்சரண் செட்டிங்ஸைத் திறந்து காட்டினான். "டெவலப்பர் பீட்டா ஒண்ணு, மாமா."

"அப்படின்னா?"

"புது வெர்ஷன் மொதல்ல இப்படித்தான் வரும். தப்பு நிறைய இருக்கும். ரெண்டு, மூணுன்னு நம்பர் ஏற ஏற சரி பண்ணுவாங்க. அப்புறம்தான் மத்தவங்களுக்கு பப்ளிக் பீட்டா. கடைசில ரிலீஸ் கேண்டிடேட். அதுவும் தேறினா ஃபைனல்."

"அப்ப இது அரைவேக்காடு!"

"அரைகூட இல்ல மாமா. கால்."

உண்மையைச் சொல்வதில் மாப்பிள்ளை ஒரு குறையும் வைக்கவில்லை.

"உங்க போன்ல என்ன இருக்கு?"

சாய்சரண் தன் போனை மெல்லப் பாக்கெட்டுக்குள் தள்ளப் பார்த்தான். அய்யாதுரை விடவில்லை.

"போன வருஷ ஃபைனல், மாமா. ஆபீஸ் வேலையெல்லாம் இதுலதான் ஓடுது. உங்க போன்ல ஒழுங்கா ஓடிச்சுன்னா அப்புறம் நானும்..." என்று இழுத்தான்.

அய்யாதுரைக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மாப்பிள்ளையாயிற்றே, அதனால் மரியாதையோடு திட்டினார்.

"சொந்த மாமனார் தலையிலயா சோதிச்சுப் பாக்கீய? ஆசையா குடுக்கிற மாதிரி குடுத்துட்டு, வெளங்குதா இல்லையான்னு வேடிக்கை பாக்கீயளோ? எங்க ஊர்ப் பக்கம் எதிரிக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டோம்! இனிமே இந்தக் கடைப் படி ஏறாதீய!"

சாய்சரண் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, சேலைப் பிரிவைக் கவனிக்கும் முத்தம்மா ஒரு பண்டலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தனக்கு முதுகைக் காட்டி நின்றவன் யாரென்று அவள் கவனிக்கவில்லை.

"அண்ணாச்சி, புது லாட் வந்துகீது. சாயம் நிக்குமா இன்னான்னு தெர்ல. எப்பவும் போல உங்க சம்பந்தியம்மாவுக்கு ரெண்டு அனுப்பிச்சுட்டு, அவங்க தொவைச்சப்புறம் கடைல மாட்டலாமா?"